ரயில் நிலையச் சுவரில் மொசைக் ஓவியம்: புதிதாக வருவோருக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

ரயில் நிலையச் சுவரில் மொசைக் பதிக்க விரும்புகிறவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, அந்தச் சுவருக்கு முன்னால் யாரும் ஓவியம் பார்ப்பதற்கென்று வந்து நிற்பதில்லை என்பதுதான். வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்குப் போகிறவர்களும் கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக விரைகிறவர்களும் அதைச் சில நொடிகளே பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் சில நொடிகளை நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் அதற்குத் தருகிறார்கள். சில்லின் (ஓவியம் உருவாகும் சிறு துண்டின்) அளவு, சில்லுகள் ஓடும் திசை, சந்தின் (சில்லுகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியின்) நிறம், ஒட்டும் முறை, கழுவும் முறை, ஒப்பந்தத்தின் வாசகம் என எல்லா முடிவுகளும் இந்த ஒரு நிலைமையிலிருந்துதான் பிறக்கின்றன. ஓரளவு வரையத் தெரிந்தவர், ஆனால் சில்லு வெட்டிப் பழகாதவர், எதை முதலில் கற்க வேண்டும், எதைப் பின்னர் கற்கலாம், ஒரு நிலையத்தின் சுவர் கைக்கு வந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்பவற்றை வரிசைப்படி இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: பார்த்துப் பழகுதல்

கருவி வாங்குவதற்கு முன், காலத்தைத் தாங்கி நிற்கும் நிலையச் சுவர்களை நேரிலோ நல்ல படங்களிலோ கூர்ந்து பாருங்கள். நியூயார்க் சுரங்க ரயில் 1904இல் திறக்கப்பட்டபோதே, ஹெய்ன்ஸ், லஃபார்ஜ் என்னும் கட்டடக் கலைஞர்கள் நிலையங்களின் பெயர்ப் பட்டயங்களையும் ஓரப் பட்டைகளையும் மொசைக்கிலும் பீங்கானிலும் அமைத்தார்கள். அந்த எழுத்துகள் ஓடும் ரயிலின் சன்னல் வழியாகப் படிக்கப்பட வேண்டியவை. ஆகையால் எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே நிற வேறுபாட்டைவிட வெளிச்ச வேறுபாடே அவற்றில் முதன்மையாக இருக்கிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் இது உடனே விளங்கும். உங்கள் வரைவையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள்.

மாஸ்கோவின் மாயகோவ்ஸ்கயா நிலையம் 1938இல் திறக்கப்பட்டது. அதன் கூரைக் குழிவுகளில் அலெக்சாந்தர் தெய்னேகா வடிவமைத்த 34 மொசைக் ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றைச் சில்லாக்கியது லெனின்கிராட்டில் விளாதிமிர் ஃப்ரலோவ் நடத்திய பட்டறை. பயணி தலையைப் பின்னால் சாய்த்தால்தான் அவை தெரியும் என்பதால், விமானம், பாராசூட்காரர், மரக்கிளை என வானத்தை அண்ணாந்து பார்க்கும்போது காணக்கூடியவற்றையே தெய்னேகா பொருளாகக் கொண்டார். பார்ப்பவரின் கழுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் பொருளோடு இணைத்த இந்த முடிவு, வரைவு மேசையில் உட்காரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பாடம்.

நியூயார்க்கில் 2017இல் திறக்கப்பட்ட இரண்டாம் அவென்யூ வழித்தடத்தின் 72ஆம் தெரு நிலையத்தில், விக் மூனிஸ் வடிவமைத்த மனித உருவங்கள் ஆளுயரத்தில், காத்திருக்கும் பயணிகளைப் போலவே சுவரில் நிற்கின்றன. லண்டனின் டோட்டனம் கோர்ட் ரோடு நிலையத்தில் எட்வர்டோ பவலோட்சி 1980களில் செய்த மொசைக், நீண்ட நடைபாதைகளில் தொடக்கமும் முடிவும் இல்லாமல் ஓடுகிறது. எந்த இடத்தில் நுழைந்தாலும் அதற்குள் நுழைந்துவிடலாம். நேப்பிள்ஸில் 2012இல் திறக்கப்பட்ட டொலேடோ நிலையத்தில், ஆழமாக இறங்க இறங்கச் சுவர் நீல மொசைக்காக மாறிக் கடல் மட்டத்துக்குக் கீழே வந்துவிட்டதை உடம்பால் உணரச் செய்கிறது. ஆளுயர உருவம், தொடர்ந்து ஓடும் வடிவம், ஆழத்தோடு மாறும் நிறம் ஆகிய இம்மூன்றும் மூன்று வேறு இடங்களுக்கான விடைகள். காத்திருக்கும் இடத்துக்கு ஏற்றது நடக்கும் இடத்துக்குப் பொருந்தாது.

நேரில் பார்க்க வாய்த்தால் மூன்று இடங்களில் நின்று குறிப்பெடுங்கள்: ஓவியம் முதன்முதலில் கண்ணில் படும் இடம், பயணி காத்திருக்கும் இடம், கை எட்டும் தூரம். ஒவ்வோர் இடத்திலும் என்ன தெரிகிறது, என்ன மறைகிறது என்று எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: பொருளும் கருவியும்

தொடங்குகிறவருக்கு நான்கு வகைச் சில்லுகள் தெரிந்திருந்தால் போதும். அச்சில் வார்த்த கண்ணாடிச் சில்லு பெரும்பாலும் 20 மி.மீ. சதுரமும் சுமார் 4 மி.மீ. கனமும் உடையது. அது விலை குறைந்தது, வெட்ட எளிது, நிறமும் அளவும் சீராக இருக்கும். ஸ்மால்டி என்பது ஒளி ஊடுருவாத கண்ணாடிக் குழம்பைத் தட்டையாக வார்த்து, ஆறவைத்து, கையால் உடைத்தெடுக்கும் சில்லு. உடைந்த பக்கமே முகமாக வைக்கப்படுவதால் அதன் நிறத்துக்கு வேறு எதிலும் கிடைக்காத ஆழம் உண்டு. மெருகிடாத பீங்கான் சில்லு நீரை உறிஞ்சாது, வழுக்காது, நிறம் உடம்பு முழுதும் ஓடும். கால்படும் இடங்களுக்கு அதுவே ஏற்றது. நான்காவது பளிங்கு போன்ற கல் சில்லு. அமிலம் பட்டால் அரிக்கப்படும் என்பதால் நிலையத்தில் அதைப் பயன்படுத்துமுன் துப்புரவுப் பணியில் எந்தத் திரவம் கையாளப்படுகிறது என்று விசாரிக்க வேண்டும்.

கருவிகளில் இன்றியமையாதவை, கண்ணாடி வெட்டச் சக்கரக் குறடு, பீங்கானுக்கும் கல்லுக்கும் பக்கவாட்டில் கடிக்கும் குறடு, பின்னர் ஸ்மால்டிக்கு உளிமுனைச் சுத்தியும் மரக்கட்டையில் ஊன்றிய அடியுளியும். சுத்தியும் அடியுளியும் பழக நாளெடுக்கும். சில்லை விரல் நுனியில் பிடித்து அடியுளியின் விளிம்பில் குறுக்காக வைத்து, சுத்தியின் முனை அதே கோட்டின்மேல் நேராக விழும்படி தட்ட வேண்டும். வலிமையாக அடித்தால் சில்லு நொறுங்கும். சுத்தி தன் எடையாலேயே விழும்படி விட்டால் இரண்டாகப் பிளக்கும். பழகிய கை சில்லைப் பார்க்காமலே இதைச் செய்யும்.

கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு சில்லைக்கூட வெட்ட வேண்டாம். கல்லையும் பீங்கானையும் இயந்திரத்தால் உலர்வெட்டாக அறுத்தால் எழும் படிகச் சிலிக்காத் தூசு நுரையீரலை நிலையாகக் கெடுக்கும். நீர் ஊற்றி அறுப்பதும், தூசு வடிகட்டும் முகமூடி அணிவதும், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும் கட்டாயம். ஸ்மால்டியின் சில நிறங்களில் ஈயம் கலந்திருப்பதால், வேலை முடிந்து கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடக் கூடாது.

மூன்றாம் படி: வரிசை பிடித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்பவர் இதைப் படிக்கட்டும். மொசைக்கில் வரைவது நிறம் மட்டுமன்று. சில்லுகள் எந்தத் திசையில் வரிசையாகச் செல்கின்றன என்பதும் வரைகிறது. இத்தாலியப் பட்டறைகள் அந்தமெந்தோ என்று அழைக்கும் இதை நாம் வரிசையோட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றில் கல்லைச் சுற்றி நீர் வளைந்து செல்வதுபோல் ஒரு உருவத்தைச் சுற்றிப் பின்புலத்தின் வரிசைகள் வளைந்து செல்லும்போது, உருவம் சுவரிலிருந்து முன்னால் வருகிறது. பின்புலத்தைக் கட்டம் கட்டமாக நேர்வரிசையில் நிரப்பினால் அதே உருவம் தட்டையாக ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் சரியான முறைகளே. எது எங்கே வேண்டும் என்று தெரிந்து செய்வதுதான் தேர்ச்சி.

இதைக் கற்க நான் பரிந்துரைக்கும் பயிற்சி ஒன்றே. 30 செ.மீ. சதுரப் பலகை ஒன்றை எடுத்து, அதில் ஒரு கையை அதன் ஐந்து விரல்களோடு வரைந்துகொள்ளுங்கள். கைக்கும் பின்புலத்துக்கும் ஒரே நிறச் சில்லைப் பயன்படுத்துங்கள். நிறத்தின் உதவி சிறிதும் இல்லாமல், வரிசையோட்டத்தால் மட்டும் அந்தக் கை தெரிய வேண்டும். முதலில் கையின் விளிம்பை ஒட்டி உட்பக்கம் ஒரு வரிசையும் வெளிப்பக்கம் ஒரு வரிசையும் வையுங்கள். உள்வரிசைகள் விரலின் நீளத்துக்கு இணையாக ஓடி, கணுக்களில் குறுக்கே திரும்பட்டும். உள்ளங்கையில் ரேகைகளின் வளைவைப் பின்பற்றட்டும். வெளிப்புறம் இரண்டு அல்லது மூன்று வரிசைகள் கையின் வடிவத்தைப் பின்பற்றிய பிறகு மெல்ல நேராகட்டும். இரண்டு விரல்களுக்கு இடையிலுள்ள குறுகிய பள்ளத்தில்தான் சிக்கல் எழும்: இரு பக்கத்திலிருந்தும் வரும் வரிசைகள் அங்கே மோதும். அப்போது கூம்பாக வெட்டிய ஒரு சில்லால் ஒரு வரிசையை முடித்து மற்றொன்றைத் தொடர விட வேண்டும். இரண்டையும் மெலித்து ஊசிமுனைத் துண்டுகளால் நிரப்பினால், தூரத்தில் அந்த இடம் கறையாகவே தெரியும்.

பலகை முடிந்ததும் பக்கவாட்டிலிருந்து விளக்கைக் காட்டிப் பாருங்கள். கை தெரிந்தால், நிறத்தைக் கையில் எடுக்க உங்களுக்கு உரிமை வந்துவிட்டது. தெரியாவிட்டால் எந்த வரிசை தடுமாறியது என்பதும் அந்த வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும்.

வெட்டும்போது சில்லுகளைச் சதுரமாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. வளைவின் வெளிப்பக்கம் அகன்றும் உட்பக்கம் குறுகியும் இருக்கும்படி சற்றே சாய்த்து வெட்டினால், சந்துகள் ஒரே அகலத்தில் நிற்கும். சந்தின் அகலம் சீராக இருப்பதும், நான்கு முனைகள் ஒரே புள்ளியில் கூடாமல் வரிசைக்கு வரிசை விலகி அமைவதும் கண்ணுக்கு அமைதி தருகின்றன. இவை இரண்டும் கைக்குப் பழகும்வரை பெரிய ஓவியத்தைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நான்காம் படி: தூரத்துக்கு ஏற்ற அளவு

நல்ல பார்வையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் மனிதக் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் சுமார் ஒரு கலை, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. இதை நீளமாக மாற்றினால், சுமார் 3.4 மீட்டர் தூரத்தில் 1 மி.மீ. என்று வரும். எனவே 2 மி.மீ. சந்து ஏறத்தாழ 7 மீட்டருக்கு அப்பால் தனிக் கோடாகத் தெரியாது. அதன் நிறம் பக்கத்துச் சில்லுகளின் நிறத்தோடு கலந்துவிடும். 10 மி.மீ. சில்லோ கணக்குப்படி 30 மீட்டருக்கு அப்பாலும் தனித்துத் தெரியக்கூடும். நிலையத்தின் மங்கிய வெளிச்சத்திலும் நடக்கும் கண்ணுக்கும் இந்தத் தூரங்கள் வெகுவாகக் குறையும்.

இந்தக் கணக்கு உங்கள் கையில் இரண்டு முடிவுகளைத் தருகிறது. தண்டவாளத்துக்கு எதிர்ச்சுவரில் பதிக்கும் ஓவியத்தில் சந்தின் நிறம் ஒரு தனி வண்ணமாகவே செயல்படும். வெள்ளைச் சந்து எல்லா நிறங்களையும் வெளுக்கச் செய்யும். கரிய சந்து அவற்றை ஆழமாக்கும், ஆனால் வெளிர் நிறங்களைத் துண்டாக்கும். பல நிறங்கள் உள்ள ஓவியத்துக்கு நடுத்தரச் சாம்பல் நிறமே பெரும்பாலும் சரியாக அமைகிறது. சந்து முழுப் பரப்பில் பத்தில் இரண்டு பங்குக்கும் மேல் வரக்கூடும் என்பதை நினைவில் கொண்டால், அதைக் கடைசி நேரத்தில் தேர்ந்தெடுப்பது எவ்வளவு தவறு என்பது விளங்கும்.

இரண்டாவது முடிவு உழைப்பைப் பற்றியது. 10 மி.மீ. சில்லை 1.5 மி.மீ. சந்தோடு பதித்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 7,500 சில்லுகள் தேவைப்படும், 20 மி.மீ. சில்லானால் சுமார் 2,160 போதும். பார்ப்பவர் ஒருபோதும் பத்து மீட்டருக்குள் வர முடியாத உயரத்தில் சிறு சில்லுகளை நெருக்கிப் பதிப்பது வீண். முகம், கை, எழுத்து போன்ற இடங்களில் சில்லைச் சிறிதாக்கி, பின்புலத்தில் பெரிதாக்கி, இடையில் படிப்படியாக மாற்றிச் செல்லுங்கள்.

நடந்துகொண்டே பார்க்கும் இடத்தில் ஒரு விநாடிக்குச் சுமார் 1.4 மீட்டர் வேகத்தில் பயணி கடந்து செல்கிறார். பத்து மீட்டர் நீளச் சுவருக்கு ஏழு விநாடிதான் கிடைக்கும். அங்கே ஒரு பெரிய வடிவமும் ஒரு தெளிவான திசையும் போதும். நுண்மைகளை எல்லாம் காத்திருக்கும் நடைமேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சுவரை விசாரித்தல்

வரைவைத் தொடங்குமுன் நிலையப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டிய தகவல்கள் சில உண்டு. சுவர் எதனால் ஆனது, எவ்வளவு எடையைத் தாங்கும் என்பது முதல் கேள்வி: 4 மி.மீ. கண்ணாடிச் சில்லு சதுர மீட்டருக்குச் சுமார் 8 முதல் 10 கிலோ வரும், கனமான ஸ்மால்டி 20 கிலோ வரை வரும், பசையும் சந்துப் பூச்சும் இதற்கு மேல். சுவரின் பின்னாலிருந்து நீர் கசிகிறதா என்பது அடுத்த கேள்வி. கசிந்தால் அந்த நீர் சிமெண்டிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து முகப்பில் வெள்ளைப் படிவாக விட்டுச் செல்லும், நாளடைவில் சில்லையும் தள்ளும். கசிவைச் சரிசெய்யும் வரை பதிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கட்டடத்தின் விரிவுச் சந்துகள் எங்கே செல்கின்றன என்று கட்டாயம் வரைபடத்தில் குறியுங்கள். கட்டடம் அசையும் அந்தக் கோட்டின் மேல் கெட்டியான மொசைக் குறுக்கே சென்றால் அது விரிசல் விட்டே தீரும். திறமையான வடிவமைப்பில் அந்தக் கோடு ஒரு மரத்தின் விளிம்பாகவோ கதவு நிலையாகவோ நிறம் மாறும் எல்லையாகவோ மாறிவிடும். அங்கே சந்துப் பூச்சுக்குப் பதிலாக அதே நிறமுள்ள நெகிழும் அடைப்பு வரும்.

ரயில் ஓட்டுநரின் கண்ணில் படும் இடமானால், சமிக்ஞை விளக்குகளோடு குழம்பக்கூடிய சிவப்பு, பச்சை, மஞ்சள் புள்ளிகளும், முகப்பு விளக்கைத் திருப்பி அடிக்கும் தங்கச் சில்லுப் பரப்பும் ஏற்கப்பட மாட்டா. வெளியேறும் வழியைக் காட்டும் பலகைகளின் நிறத்தையும் வடிவத்தையும் ஓவியம் ஒத்திருக்கக் கூடாது. மின்பெட்டிக் கதவு, தீயணைப்புக் குழாய், கண்காணிப்புக் கேமரா ஆகியவை சுவரில் எங்கே வரப்போகின்றன என்று முன்கூட்டியே கேளுங்கள்; பிறகு வந்து முகத்தின் நடுவே துளை போடுவதைத் தடுக்க வேறு வழியில்லை.

கை எட்டும் உயரத்தில், சுமார் இரண்டு மீட்டர் வரை, முகப்பு சமமாகவும் விளிம்புகள் மழுங்கியும் சந்துகள் நிரம்பியும் இருக்க வேண்டும். குழந்தைகளின் விரல்களும் தோள்பைகளும் இழுத்துச் செல்லும் பெட்டிகளும் அங்கேதான் உரசும். அதற்கு மேலே ஸ்மால்டியைச் சந்து பூசாமல், சற்றே சாய்வு மாற்றி, ஒளி நடுங்கும்படி பதிக்கலாம்.

ஆறாம் படி: பட்டறையில் பதித்தல்

நிலையத்தில் ஒவ்வொரு சில்லாக ஒட்ட யாருக்கும் நேரம் கிடைக்காது. ஆகையால் ஓவியத்தைப் பட்டறையில் பகுதி பகுதியாகத் தயாரித்து எடுத்துச் செல்லும் மறைமுக முறையே பொது இடப் பணிகளுக்கு அடிப்படை. 19ஆம் நூற்றாண்டில் ஜான் தொமெனிக்கோ ஃபக்கீனா, 1875இல் திறக்கப்பட்ட பாரிஸ் ஓபரா மாளிகையின் மொசைக்குகளில் இம்முறையைக் கையாண்ட பின்னர் அது பெரிதும் பரவியது.

முழு அளவு வரைவைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி, கெட்டிப் பழுப்புத் தாளில் படியெடுங்கள். எழுத்து இருந்தால் அது தலைகீழாக அல்ல, இடவலம் மாறியே தெரிய வேண்டும். நீரில் கரையும் மாவுப் பசையால் சில்லுகளை முகம் கீழாகத் தாளில் ஒட்டுங்கள். முகப்பு மறைந்திருப்பதால், முகமும் முதுகும் ஒரே நிறமாக இல்லாத சில்லுகளுக்கு இம்முறை கடினம். அத்தகைய இடங்களுக்கு, முகம் மேலாகத் தற்காலிகப் படுகையில் அடுக்கி, திருத்தி, பின் முகப்பில் தாளோ துணியோ ஒட்டிப் புரட்டியெடுக்கும் இரட்டைத் திருப்பு முறை பொருத்தமானது. நேரம் கூடுதலாகும், ஆனால் உருவங்களின் முகங்களுக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

சில்லுகளை வலையின்மேல் ஒட்டி எடுத்துச் செல்வது எளிது என்பதால் தொடங்குகிறவர்கள் அதையே விரும்புகிறார்கள். உலர்ந்த உள்ளறைகளுக்கு அது போதும். ஈரமும் அதிர்வும் உள்ள நிலையத்தில், சில்லின் முதுகுக்கும் பசைக்கும் இடையே வலையும் அதன் ஒட்டுப் பசையும் புகுந்து பிடிமானத்தைக் குறைக்கின்றன. அந்த ஒட்டுப் பசை நீரில் இளகும் வகையானால் சில்லுகள் சில ஆண்டுகளில் கழன்று விழலாம். தாளில் முகம் ஒட்டிய முறையில் சில்லின் முதுகு முழுதும் சுவருக்குக் கிடைக்கிறது.

ஓவியத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது நேர்கோட்டில் வெட்டாதீர்கள். வரிசையோட்டத்தின் வழியே, உருவத்தின் விளிம்பு வழியே பிரித்தால் பொருத்திய பின் இணைப்பு தெரியாது. ஒவ்வொரு பகுதியும் ஒருவர் இரு கைகளால் தூக்கக்கூடிய அளவில், சுமார் 40 முதல் 50 செ.மீ. வரை இருக்கட்டும். தாளின் பின்புறம் எண்ணும் மேல்நோக்கிய அம்புக்குறியும் எழுதி, அதே எண்களை முழு வரைபடத்திலும் குறியுங்கள். எல்லாப் பகுதிகளையும் பட்டறைத் தரையில் ஒருமுறை அடுக்கிப் பார்த்து, படம் எடுத்து, பதிக்கும் வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் பெட்டியில் அடுக்குங்கள்; அப்போதுதான் முதலில் வேண்டியது மேலே இருக்கும்.

ஏழாம் படி: நிலையத்தில் ஒட்டுதல்

இயங்கும் நிலையத்தில் பணி பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின், மின்சாரம் நிறுத்தப்பட்ட சில மணி நேரங்களில் நடக்கும். அந்தச் சில மணி நேரத்துக்குள் பொருளை இறக்கி, பதித்து, துடைத்து, சாரத்தைக் கழற்றி வெளியேற வேண்டும் என்பதால், ஒரு இரவில் எத்தனை பகுதிகள் என்ற திட்டத்தை முன்னரே எழுதி வையுங்கள்.

புதிய சிமெண்டுப் பூச்சு சுருங்கி முடியச் சுமார் 28 நாள் ஆகும். அதற்கு முன் பதிக்க வேண்டாம். மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் மூன்று மீட்டர் நீளத்தில் 3 மி.மீ.க்கு மேல் ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது. தூசையும் பழைய வண்ணத்தையும் நீக்கி, பாலிமர் கலந்த சிமெண்டுப் பசையை முதலில் கரணையின் தட்டைப் பக்கத்தால் சுவரில் அழுத்தித் தேய்த்து, பின் பல் பக்கத்தால் வரியிட்டு, வரிகளை மீண்டும் தட்டையாக்குங்கள். ஒளி ஊடுருவும் கண்ணாடிக்கு வெள்ளைப் பசையே வேண்டும். இல்லையேல் கரணையின் வரிகள் சில்லு வழியே தெரியும். பகுதியின் முதுகிலும் மெல்லிய பூச்சுக் கொடுத்து இடைவெளிகளை நிரப்பிய பிறகு, தாள் வெளியே தெரியும்படி சுவரில் அழுத்தி, மரப்பலகையால் சீராகத் தட்டுங்கள். ஈரம் படும் இடங்களில் சில்லின் முதுகில் 95 விழுக்காடாவது பசை பிடித்திருக்க வேண்டும் என்பது தொழில் தரம். முதல் பகுதியை ஒட்டியதும் உடனே கழற்றிப் பார்த்து இதை உறுதிசெய்துகொண்டு மீண்டும் பதியுங்கள்.

பிறகு வருவதுதான் பதற்றமான வேளை. பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் தாளை ஈரமாக்குங்கள். தாள் கருத்து, பின் ஓரத்தில் மெல்லச் சுருளும். சில நிமிடம் கழித்து மறுபடியும் நனையுங்கள். கால் மணி முதல் அரை மணிக்குள் மாவுப் பசை இளகிவிடும். அப்போது தாளின் மேல் மூலையைப் பிடித்து, உங்களை நோக்கி இழுக்காமல், சுவரை ஒட்டியே கீழ்நோக்கி உரிக்க வேண்டும். வெளிநோக்கி இழுத்தால் சில்லுகள் தாளோடு வந்துவிடும். ஓவியம் சரியான பக்கமாக முதன்முறை தெரிவது இந்தக் கணத்தில்தான். ஆனால் அதை நின்று ரசிக்க நேரமில்லை: பசை இறுகுமுன், நகர்ந்த சில்லுகளை நேராக்கி, பக்கத்துப் பகுதியோடு சேரும் சந்தைச் சரிபார்த்து, விழுந்தவற்றை மீண்டும் வைக்க வேண்டும். மாவுப் பசையின் மிச்சத்தை நன்றாகக் கழுவாவிட்டால் சந்துப் பூச்சு அங்கே பிடிக்காது.

பசை இறுகிய பின், அடுத்த இரவில் சந்துகளைப் பூசுங்கள். வழவழப்பான கண்ணாடிச் சில்லும் பீங்கானும் உள்ள, கை எட்டும் பகுதிக்கு எபோக்ஸி என்னும் செயற்கைப் பிசின் பூச்சு சிறந்தது. கறை பிடிக்காது, நீரை உறிஞ்சாது. ஆனால் குழிகள் நிறைந்த ஸ்மால்டி முகப்பில் எபோக்ஸி புகுந்து இறுகினால் அதை எடுக்க இயலாது. அங்கே சிமெண்டுப் பூச்சே நல்லது. எதுவானாலும் அதே சில்லுகளால் ஒரு மாதிரிப் பலகை செய்து, பூசிக் கழுவிப் பார்த்த பிறகே சுவருக்குச் செல்லுங்கள்.

எட்டாம் படி: பணியைப் பெறுதலும் ஒப்பந்தமும்

பல நகரங்களில் பொதுக் கட்டுமானச் செலவில் ஒரு சிறு பங்கைக் கலைக்கு ஒதுக்கும் விதி இருக்கிறது. நியூயார்க் பெருநகரப் போக்குவரத்து ஆணையம் 1985 முதல் நிலையங்களுக்கான நிரந்தரக் கலைத் திட்டத்தை நடத்துகிறது. இத்தகைய திட்டங்களில் பொதுவாக முதலில் தகுதி விண்ணப்பம் கேட்கப்படும். அதில் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஊதியம் தந்து முன்மொழிவு கேட்பார்கள். தேர்வுக் குழு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஊதியமின்றி முழு வடிவமைப்பு கேட்கும் போட்டிகளைப் புதியவர்கள் தவிர்ப்பதே நல்லது.

விண்ணப்பத்தில் சுவர் அளவு படைப்பு உங்களிடம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஓவியர்கள் பலர் வடிவமைப்பை மட்டும் தந்து, சில்லாக்குவதைப் பட்டறைகளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். 72ஆம் தெருவின் உருவங்களைச் செய்தது 1847இல் தொடங்கப்பட்ட மியூனிக்கின் ஃபிரான்ஸ் மேயர் பட்டறை. இத்தாலியின் ஸ்பிலிம்பெர்கோவில் 1922 முதல் இயங்கும் மொசைக் பள்ளி இத்தொழிலுக்கென்றே ஆட்களைப் பயிற்றுவிக்கிறது. பட்டறையிடம் தந்தாலும் வரிசையோட்டத்தை நீங்களே வரைந்து தாருங்கள், மாதிரிப் பலகையை நேரில் சென்று பாருங்கள். அந்தப் பலகையின் முன் நின்று ‘இந்த வரிசை கன்னத்தைப் பின்பற்றவில்லை’ என்று சொல்ல முடிவதற்காகத்தான், முன்னே சொன்ன ஒற்றை நிறப் பயிற்சி.

செலவுக் கணக்கில் உங்கள் ஊதியத்தை முதலில் எழுதுங்கள். பின் சில்லு, பட்டறை, பொறியாளர் ஒப்புதல், காப்பீடு, போக்குவரத்து, இரவுப் பணி, சாரம், எதிர்பாராச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு. ஊதியத்தைக் கடைசியில் எழுதினால் அதுதான் முதலில் கரையும்.

ஒப்பந்தத்தில் படைப்புரிமை யாருக்கு, பெயர்ப்பலகை எங்கே, பழுதானால் யாரைக் கலந்து சரிசெய்வது, நிலையம் திருத்திக் கட்டப்பட்டால் என்ன ஆகும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வி வெறும் அச்சமன்று. டோட்டனம் கோர்ட் ரோடு நிலையம் விரிவாக்கப்பட்டபோது பவலோட்சியின் மொசைக்கில் பெரும்பகுதி காக்கப்பட்டாலும், நகரும் படிக்கட்டுகளுக்கு மேலிருந்த வளைவுகள் 2015இல் அகற்றப்பட்டன. அவற்றின் துண்டுகள் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று படைப்பைச் சிதைப்பதற்கு எதிராகக் கலைஞருக்கு உரிமை தருகிறது, ஆனால் அந்த உரிமையை எழுத்துமூலம் விட்டுக்கொடுக்க முடியும். அப்படி விட்டுக்கொடுக்கும் வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்திடுமுன் தேடிப் படியுங்கள். அகற்ற நேர்ந்தால் முன்னறிவிப்பும், படைப்பைத் திரும்பப் பெறும் வாய்ப்பும் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: ஒப்படைத்தல்

திறப்பு விழாவுக்குப் பிறகு அந்தச் சுவர் துப்புரவுப் பணியாளர்களின் கையில்தான் வாழ்கிறது. பிரேக் கட்டைகளிலிருந்தும் சக்கரங்களிலிருந்தும் வரும் இரும்புத் தூசு அதன்மேல் படியும்; சந்துகள் கருக்கும். அமிலம் கலந்த திரவம் வேண்டாம், நடுநிலைச் சோப்பு நீரும் மென்தூரிகையும் போதும், உயரழுத்த நீரைச் சந்துகளில் நேராகப் பாய்ச்ச வேண்டாம், கிறுக்கலை அழிக்க எந்தக் கரைப்பான் பாதுகாப்பானது என்பவற்றை ஒரே பக்கத்தில், படத்தோடு, அந்தப் பணியாளர்கள் பேசும் மொழியில் எழுதித் தாருங்கள். இயன்றால் அவர்களோடு ஒருமுறை நின்று கழுவிக் காட்டுங்கள்.

ஸ்மால்டியின் நிறம் வார்ப்புக்கு வார்ப்பு மாறும். பத்தாண்டு கழித்து அதே நீலம் கிடைக்காது. எனவே ஒவ்வொரு நிறத்திலும் சில விழுக்காடு உபரியாக வாங்கி, நிற எண், வாங்கிய தேதி, ஓவியத்தில் அது வரும் இடம் ஆகியவற்றை ஒட்டிய பைகளில் இட்டு, எண் குறித்த முழு வரைபடத்தின் ஒரு படியும் பசை, சந்துப் பூச்சு ஆகியவற்றின் பெயரும் கலவை அளவும் எழுதிய தாளும் சேர்த்து, நிலையத்தின் பராமரிப்புக் கிடங்கில் பெயரிட்ட பெட்டியாக ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.